"ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்



டியூஷனுக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கு என் மனைவியை நன்றாகத் தெரியும். போன மாதம் மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பிவிட்டாள். விசாரித்த எல்லோருக்கும் நன்றி. அதையொட்டி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நர்ஸ் வந்து, "எதாவது அலர்ஜி உண்டா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றோம் இருவரும். பக்கத்தில் நின்ற மருமகள்தான், "அத்தை, பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தப்ப உங்களுக்கு உதடு வீங்கிச்சே? பாப்பா பிறந்தநாளுக்குப் பலூன் ஊதினப்பவும் அப்படித்தானே ஆச்சு?" என்றாள். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வாழைப்பழம் சாப்பிட்டா வாய் அரிக்குமாம்மா?" என்று கேட்டார். அரிக்கும். பல வருடமாக அரிக்கிறது. "சூட்டு உடம்பு, ஒத்துக்கல" என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

ரத்தப் பரிசோதனையில் ரப்பர் பால் அலர்ஜி, அதாவது லேடெக்ஸ் அலர்ஜி என்று தெரிந்தது. ஒரு வாரம் தள்ளிவைத்து, லேடெக்ஸ் இல்லாத கையுறைகளையும் குழாய்களையும் வைத்துச் செய்தார்கள். முப்பது வருடம் உங்களுக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் நடத்திய நான் இதைக் கவனிக்கவில்லை. மருமகள் அன்று அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கன்னியாகுமரி சுற்றுலாவில் ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வடிப்பதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பாலில் உள்ள சில புரதங்களைச் சிலரது உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்கிறது. வாழை, பப்பாளி, கிவி போன்றவற்றிலும் அதே சாயலில் புரதங்கள் உண்டு. அதனால்தான் நர்ஸ் வாழைப்பழத்தைக் கேட்டார். பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அரிப்போடு நிற்காமல், ரத்த அழுத்தம் விழுந்து மூச்சே நின்றுபோகலாம்.

அமெரிக்காவில் அப்படி நடந்தது. பெருங்குடலை எக்ஸ்ரே எடுக்க, பேரியம் கலந்த வெள்ளைத் திரவத்தை ஆசனவாய் வழியே குழாயில் செலுத்துவார்கள். திரவம் வெளியே வராமலிருக்கக் குழாயின் நுனியில் ரப்பர் பலூன் இருக்கும். 1980-களின் கடைசியில், இந்தச் சோதனைக்கு வந்த சிலர் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தார்கள். பேரியத்தின் மேலும் சந்தேகம் விழுந்தது. உண்மையான காரணம் அந்த ரப்பர் பலூன். 1990-ல் அந்தக் குழாய்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 1991-ல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 1988 முதல் 1992 வரை லேடெக்ஸ் ஒவ்வாமை பற்றி அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றில் 15 பேர் இறந்திருந்தார்கள். 1998 முதல், ரப்பர் பால் கலந்த மருத்துவச் சாதனங்களின் உறையில் அதைக் குறிப்பிடுவது அங்கே கட்டாயம். பவுடர் தடவிய கையுறைகளுக்கு 2017-ல் தடையே வந்துவிட்டது. அந்தப் பவுடர் ரப்பர் புரதத்தைக் காற்றில் பரப்பும் என்பதும் ஒரு காரணம்.

ஒரு சாதனத்தைத் திரும்பப் பெற்றார்கள் என்று செய்தி வந்தால், "பாருங்க, ஆஸ்பத்திரியையே நம்ப முடியல" என்று குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கோ ஒரு நோயாளி சொல்லி, ஒரு நர்ஸ் எழுதிவைத்து, ஒரு மருத்துவர் மேலே அனுப்பியதால்தான் அந்தச் செய்தியே வருகிறது. யாருமே சொல்லாத ஊரில் எதையும் திரும்பப் பெற மாட்டார்கள். அதற்காக அங்கே எல்லாம் பத்திரம் என்று அர்த்தமில்லை. எனக்குப் பயம் அந்த மௌனத்தைப் பற்றித்தான்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைச் சேகரிக்க 2015 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சட்டம் இருந்தும், நாம் "ஒத்துக்கல" என்று வீட்டோடு முடித்துக்கொண்டால் அந்தக் கோப்பில் என்ன எழுதுவார்கள்?

பழைய பழக்கம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க முடியவில்லை. மூன்றே மூன்று:

1. கையுறை, பிளாஸ்டர், குழாய், பலூன் எது பட்டு அரித்தாலும் வீங்கினாலும், தேதியோடு ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பில் வையுங்கள். பல் மருத்துவர் உட்பட எல்லா மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள்.

2. உடம்புக்குள் எதைப் பொருத்தினாலும் அதன் ஸ்டிக்கரை, தொகுப்பு எண்ணோடு, கேட்டு வாங்குங்கள். நாளைக்கு அதைத் திரும்பப் பெற்றால், நம்முடையதா என்று பார்க்க அது உதவும்.

3. பாதிப்பு வந்தால், அறிக்கை அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவர்களாகவும் நர்ஸ்களாகவும் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. "அலர்ஜி உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்களைப் போன்றவர்கள் இல்லை என்றுதான் சொல்வோம். பலூனையும் வாழைப்பழத்தையும் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் வாத்தியார்