காக்கி நாயகர்களும் காணாமல் போகும் நீதியும்

2024 செப்டம்பர் 23 அன்று, மகாராஷ்டிர மாநிலம் பத்லாபூரில் பள்ளிச் சிறுமிகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதாகியிருந்த இளைஞர் போலீஸ் வாகனத்திற்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது துணை முதலமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த தேவேந்திர ஃபட்னாவிஸ் கையில் துப்பாக்கியுடன் நிற்பது போன்ற சுவரொட்டிகள் மும்பையில் உடனே முளைத்தன. பழி தீர்க்கப்பட்டுவிட்டது என்பதே அவற்றின் வாசகம். சுமார் ஐந்தரை வாரங்கள் கழித்து, நவம்பர் 1 அன்று, தீபாவளி வெளியீடாக ‘சிங்கம் அகெய்ன்’ என்ற இந்தித் திரைப்படம் நாடெங்கும் திரைக்கு வந்தது. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட நடுவர் விசாரணை அறிக்கை, அந்த இளைஞரின் மரணத்திற்கு 5 காவலர்கள் பொறுப்பு என்று கூறியது. அதற்குள் சுவரொட்டியும் வெள்ளித்திரையும் தங்கள் தீர்ப்பை வழங்கி முடித்திருந்தன.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரு திரைப்படம் பார்த்துவிட்டு எவரும் துப்பாக்கியை எடுப்பதில்லை. ஆனால் விசாரணையின்றிக் கொல்வதை நீதி என்று கொண்டாடும் மனநிலை ஒரே நாளில் உருவாவதும் இல்லை. அதற்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் தேவை. அந்தப் பழக்கத்தை விலை கொடுத்து வாங்கும் பொழுதுபோக்காக மாற்றித் தந்ததில் இந்தத் தொடர்வரிசைப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் தொடக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2010இல் ஹரி இயக்கத்தில் சூர்யா நடித்து வெளிவந்த ‘சிங்கம்’ படத்தை 2011இல் ரோகித் ஷெட்டி, அஜய் தேவ்கனை வைத்து இந்தியில் எடுத்தார். அதன்பின் ‘சிங்கம் ரிட்டர்ன்ஸ்’ (2014), ‘சிம்பா’ (2018), ‘சூர்யவன்ஷி’ (2021), ‘சிங்கம் அகெய்ன்’ (2024) என்று அது வளர்ந்தது. ஒரு படத்தின் நாயகன் அடுத்த படத்தில் விருந்தினராக வருவான். ஒவ்வொரு படமும் தனக்கு அடுத்த படத்தின் விளம்பரமாகவும் இருக்கும். புதிய கதைக்குப் பணம் போடுவதைவிட, ஏற்கெனவே விற்பனையான பெயருக்குப் பணம் போடுவது பாதுகாப்பானது என்பது மூலதனத்தின் எளிய கணக்கு. இந்த வரிசையின் படங்களுக்குப் பின்னால் ரிலையன்ஸ் என்டர்டெயின்மென்ட் நிறுவனமும், கடைசிப் படத்தில் ஜியோ ஸ்டூடியோஸ் நிறுவனமும் நிற்கின்றன.

இந்த 13 ஆண்டுகளில் நாயகனின் சீருடை மாறவில்லை. மாறியது வில்லன்தான். அந்த மாற்றத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் நாட்டின் அரசியல் எந்தத் திசையில் நகர்த்தப்பட்டது என்பது புலப்படும். 2011இல் வில்லன் ஓர் ஊழல் அரசியல்வாதி. ஊழல் எதிர்ப்பு இயக்கம் தில்லியில் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. 2014இல் வில்லன் கறுப்புப் பணத்தைப் பதுக்கும் ஒரு போலிச் சாமியார். அதற்கு இந்துத்துவ அமைப்புகளிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. அதன்பின் இந்த வரிசையில் சாமியார் வில்லனாக வரவில்லை. 2018இல் வில்லன்கள் பாலியல் குற்றவாளிகள். அவர்களைக் காவல் நிலையத்திலேயே நாயகன் கொன்றுவிட்டு, தற்காப்புக்காகச் சுட்டதாக ஜோடிக்கிறான். விசாரிக்க வரும் மூத்த அதிகாரியே அந்தப் பொய்க்குத் துணை நிற்கிறார். 2021இல் வில்லன்கள், இந்துப் பெயர்களில் அண்டை வீட்டாராக ஆண்டுக்கணக்கில் வாழும் முஸ்லிம் பயங்கரவாதிகள். 2024இல் கதை முழுவதுமே ராமாயணச் சாயலில் அமைகிறது. நாயகன் ராமனாகிறான். அவன் மனைவியைக் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போகும் இராவணனின் இடத்தில் ஜுபைர் ஹபீஸ் என்ற முஸ்லிம் நிறுத்தப்படுகிறான்.

ஊழல் அரசியல்வாதியில் தொடங்கி முஸ்லிம் இராவணனில் வந்து நிற்கும் இந்தப் பயணத்தை யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டமிட்டார்கள் என்று கருத வேண்டியதில்லை. சந்தையில் எது விலைபோகும் என்று மோப்பம் பிடிக்கும் மூலதனம், ஆட்சியிலிருக்கும் கருத்தியல் எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் பாயை விரிக்கிறது. அதனால்தான் இப்படங்கள் நேரடிப் பிரச்சாரப் படங்களைவிடக் கூடுதல் வலிமை கொண்டவை. ‘தி கேரளா ஸ்டோரி’ போன்ற ஒரு படம் வெறுப்பை விதைக்கிறது என்று அடையாளம் காட்டுவது எளிது. பாட்டும் நகைச்சுவையும் பறக்கும் கார்களுமாகக் குடும்பத்தோடு பார்க்கும் படத்திற்குள் அதே செய்தி கலந்து வரும்போது அதைச் சுட்டிக்காட்டுபவர்தான் ரசனை கெட்டவர் ஆகிறார்.

இங்கே ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. இப்படங்களில் எல்லாத் தரப்பினருக்கும் இடமிருக்கிறதே என்கிறார்கள். உண்மைதான். ‘சூர்யவன்ஷி’யில் குண்டுவெடிப்பு அபாயத்தின்போது முஸ்லிம்கள் பிள்ளையார் சிலையைத் தூக்கிக் காப்பாற்றுகிறார்கள். ‘சிங்கம் அகெய்ன்’ படத்தில் தீபிகா படுகோன் பெண் சிங்கமாக வருகிறார். 2024 ஜனவரியில் இணையத் தொடராக வந்த ‘இந்தியன் போலீஸ் ஃபோர்ஸ்’ கதையின் நாயகன் கபீர் மாலிக் ஒரு முஸ்லிம் அதிகாரி.

ஆனால் அவர்கள் எந்த நிபந்தனையின் பேரில் உள்ளே அனுமதிக்கப்படுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்து அதிகாரி தன் தேசபக்தியை எங்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. அது அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்த சொத்து. முஸ்லிம் பாத்திரமோ ஒவ்வொரு காட்சியிலும் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. அப்துல் கலாமைப் போல இருந்தால் மரியாதை, கசாபைப் போல இருந்தால் தோட்டா என்று படமே அவரிடம் கணக்கு வைக்கிறது. வாடகைக்கு வீடு கிடைக்காத, ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து குற்றமற்றவர் என்று விடுதலையாகும் சாதாரண முஸ்லிமுக்கு இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இடமே இல்லை. பெண் அதிகாரியும் ஆண் அதிகாரி சுடுவதைப் போலவே சுடுவதால்தான் நாயகியாகிறார். நாட்டின் காவல்துறையில் பெண்களின் பங்கு சுமார் 12 விழுக்காடுதான் என்பதோ, புகார் கொடுக்க வரும் பெண் காவல் நிலையத்தில் எப்படி நடத்தப்படுகிறார் என்பதோ கதைக்குத் தேவைப்படவில்லை. தலித்தும் ஆதிவாசியும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகக்கூட அரிதாகவே வருகிறார்கள். முகங்கள் பல, துப்பாக்கி நீட்டப்படும் திசை ஒன்று என்பதுதான் இவர்கள் காட்டும் பன்முகத்தன்மை.

தணிக்கைத் துறையின் நடத்தை இதை இன்னும் தெளிவாக்குகிறது. ‘சிங்கம் அகெய்ன்’ படத்தில் தணிக்கை வாரியம் சில மாற்றங்களைக் கோரியதாகச் செய்திகள் வெளிவந்தன. தெய்வப் பாத்திரங்களோடு நாயகர்களை ஒப்பிடும் காட்சிகளும், அண்டை நாட்டு உறவைப் பாதிக்கும் வசனங்களும்தான் வாரியத்தை உறுத்தின. அதே வாரியம், சந்தியா சூரி இயக்கிய ‘சந்தோஷ்’ படத்தை 2025இல் திரையரங்குகளுக்கு வரவிடாமல் தடுத்தது. கணவனின் வேலையைக் கருணை அடிப்படையில் பெறும் ஓர் இளம் விதவைப் பெண் காவலர், தலித் சிறுமி ஒருத்தியின் கொலை வழக்கில் காவல்துறையின் சாதி வெறியையும் முஸ்லிம் வெறுப்பையும் சித்திரவதையையும் கண்ணெதிரே காண்பதே அதன் கதை. 2024இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, ஆஸ்கர் விருதுக்குப் பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் படமாக அனுப்பப்பட்ட படம் அது. பஞ்சாபில் காவல்துறை ரகசியமாக எரித்த சடலங்களைப் பற்றிய உண்மையை வெளிக்கொண்டுவந்து, 1995இல் கடத்திக் கொல்லப்பட்ட ஜஸ்வந்த் சிங் கால்ராவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்திற்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் கேட்கப்பட்டன. காவலர் சட்டத்தை மீறுவதைக் கொண்டாடலாம், கேள்வி கேட்கக் கூடாது என்பதே இந்தத் தணிக்கையின் எழுதப்படாத விதி.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார்? 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் கைதான 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள் மீது பூக்களைத் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. அவர்கள் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள், கொல்லப்பட்டவர்களில் 3 பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள், 10 காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப்பட வேண்டும் என்று ஆணையம் கூறியது. அந்த அறிக்கைக்கு எவரும் பூத்தூவவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2017க்குப் பிறகு மோதல் என்ற பெயரில் 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை மாநில அரசே சாதனையாக அறிவித்துக்கொள்கிறது. இப்படிக் கொல்லப்படுகிறவர்களின் பட்டியலில் வங்கிகளை ஏமாற்றிவிட்டு வெளிநாடு பறந்த தொழிலதிபர் எவரும் இருப்பதில்லை. ஏழைகளும் தலித்துகளும் ஆதிவாசிகளும் முஸ்லிம்களுமே இருக்கிறார்கள். காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 2025இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, ஆபத்தான குற்றவாளிகளை விசாரணைக்கு உட்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவதே மேல் என்று கருதும் காவலர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

காவலரையே எதிரியாகக் கருதுவது இதற்கு விடையாகாது. திரையில் சிங்கம் கர்ஜிக்கும்போது அவன் பின்னால் ஓடிவரும் சாதாரணக் காவலருக்குப் பெயர்கூடக் கிடையாது. நாள் முழுக்க நின்று பணியாற்றி, வார விடுமுறைக்கும் மேலதிகாரியிடம் கெஞ்சும் அவருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை 1966ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கொல்லச் சொல்லும் உத்தரவு மேலிருந்து வரும்போது மறுத்துப் பேச அவரிடம் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 1970 பிப்ரவரியில் வயநாட்டில் தோழர் வர்கீஸ் மோதலில் இறந்ததாகக் கேரளக் காவல்துறை அறிவித்தது. 28 ஆண்டுகள் கழித்து, மேலதிகாரியின் கட்டளைப்படி அவரைச் சுட்டது தானே என்று காவலர் ராமச்சந்திரன் நாயர் ஒப்புக்கொண்டார். 2010இல் முன்னாள் ஐ.ஜி. லட்சுமணா ஆயுள் தண்டனை பெற்றார். பாலியல் குற்றவாளி மீது நீட்டப்படும்போது கைதட்டப்படும் துப்பாக்கி, நிலத்திற்கும் கூலிக்கும் போராடுபவன் மீது திரும்ப அதிக நேரம் பிடிக்காது என்பதை இடதுசாரி இயக்கம் தன் தோழர்களின் குருதியில் கற்றிருக்கிறது.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் கைதட்டுகிறார்கள்? அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது இடதுசாரிகளுக்கு அழகல்ல. நாட்டின் நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. நீதிபதி பணியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. மகளை இழந்த தாய் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. அதை நீதித்துறைச் சீர்திருத்தத்தை நோக்கித் திருப்பாமல் ஒரு தோட்டாவில் அணைத்துவிடுவதுதான் இப்படங்கள் ஆளும் வர்க்கத்திற்குச் செய்யும் சேவை. குற்றவாளி இறந்த கணத்திலேயே, புகாரைப் பதிவு செய்யத் தாமதித்த காவல் நிலையம், மறைக்க முயன்ற நிர்வாகம், பணியிடங்களை நிரப்பாத அரசு ஆகிய அனைத்தும் கேள்வியிலிருந்து தப்பிவிடுகின்றன. 2023 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், சட்ட நடைமுறையைப் பொருட்படுத்தாத ‘சிங்கம்’ வகை நாயகர்கள் மிகத் தீங்கான செய்தியைத் தருவதாக எச்சரித்தது இதனால்தான்.

மாற்று சாத்தியம் என்பதையும் தமிழ்த் திரையுலகமே காட்டியிருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் சித்திரவதையால் உயிரிழந்தபோது, காவல்துறையைப் பெருமைப்படுத்தி 5 படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி வெளிப்படையாக அறிவித்தார். எந்த நடிகர் துரைசிங்கமாகக் கர்ஜித்தாரோ, அவரே 2021இல் ‘ஜெய் பீம்’ படத்தில் காவல் நிலையக் கொலைக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞராக நின்றார். 1993இல் நடந்த அந்த உண்மை வழக்கில், கணவனை இழந்த ஏழைப் பெண்ணுக்குச் செங்கொடி இயக்கத்தினர் துணை நின்றதைக் கட்சியினர் அறிவர். அதற்கு முன்பே வெளிவந்த ‘விசாரணை’, ஒரு தொழிலாளி தான் அனுபவித்த சித்திரவதையை எழுதிய நூலிலிருந்து பிறந்தது.

எனவே தடை கோருவது இடதுசாரிகளின் பாதையாக இருக்க முடியாது. இன்று ‘சந்தோஷ்’ படத்தை நிறுத்தும் அதே கத்தரியைக் கூர்தீட்டுவதாகவே அது முடியும். தணிக்கையின் ஓரவஞ்சனையை எதிர்ப்பதும், தடுக்கப்படும் படங்களுக்காகக் குரல் கொடுப்பதும், கிளைகளிலும் வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகளிலும் திரையிடல்களும் விவாதங்களும் நடத்துவதும் உடனடிப் பணிகள். மோதல் மரணங்களில் சுதந்திரமான விசாரணை கட்டாயம், சம்பவம் நடந்த உடனேயே பரிசும் பதவி உயர்வும் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தவும், 1997இல் கையெழுத்திட்டு இன்றுவரை ஏற்புறுதி செய்யப்படாத ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையை ஏற்கவும் அரசை நிர்ப்பந்திக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான பணி ஒன்று உண்டு. அது கட்சி ஊழியர்களின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் தொடங்குகிறது. அடுத்த முறை ஒரு கொடிய குற்றத்தில் கைதானவர் விடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற செய்தி வரும்போது, சுற்றியிருப்பவர்கள் “சரியாகத்தான் செய்தார்கள்” என்று சொல்வார்கள். அந்தக் கணத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் உறுதியாக நின்றுகொண்டே, “விசாரணை எங்கே?” என்று கேட்கும் துணிவு ஒவ்வொரு தோழருக்கும் வேண்டும். அந்தக் கேள்விக்குத் திரையரங்கில் கைதட்டல் கிடைக்காது. ஆனால் நாளை பொய் வழக்கில் இழுத்துச் செல்லப்படும் ஓர் ஏழைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தக் கேள்விதான்.