மூடக் கூடாத வாசல்

கொரோனாவின் முதல் அலையில், 2020 ஏப்ரலில், இங்கிலாந்தில் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பரிசோதனைகள் முந்தைய ஆண்டின் மாதச் சராசரியைவிட 92 விழுக்காடு குறைந்தன. அந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு வந்திருக்க வேண்டியவர்களில் 3,500 பேருக்கு மேல் வரவேயில்லை. நோய் அவர்களை விட்டுவிடவில்லை. மருத்துவமனைதான் எட்டாமல் போனது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு மருத்துவர்கள் துணிந்து வழி கண்டார்கள். மலக்குடல் புற்றுநோய்க்கு ஐந்து வாரம் நீளும் கதிர்வீச்சுக்குப் பதிலாக, பலருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை கதிர்வீச்சு தரப்பட்டது. நரம்பு வழியாக ஏற்றும் கீமோ மருந்துக்குப் பதிலாக, முடிந்தவர்களுக்கு வீட்டிலேயே விழுங்கும் கேப்சிடபைன் மாத்திரை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டறியும் எளிய பரிசோதனையைக் கொண்டு, யாருக்கு கொலனோஸ்கோப்பி அவசரம் என்று வரிசைப்படுத்தினார்கள். இவற்றில் பெரும்பாலானவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆய்வுகளில் முன்பே தேறியவை. நெருக்கடி வரும்வரை அவற்றை ஏன் தயங்கித் தயங்கிப் பயன்படுத்தினோம் என்று மருத்துவ உலகம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டமிடும் அரசுகள், தொற்று வார்டுகளிலிருந்து முற்றிலும் பிரிந்த, கொலனோஸ்கோப்பி போன்ற எண்டோஸ்கோப்பி பரிசோதனை மையங்களுக்கு இப்போதே இடமும் ஆட்களும் ஒதுக்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், எந்தக் காலமானாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்.