பழி சுமத்த ஆளில்லாத தில்லி

தலைநகர் தில்லியின் 2025-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் மற்ற வரவுகளைவிடக் கவனிக்கத்தக்க மாற்றம் ஒன்று உண்டு. நகரின் எந்தக் குறைக்கும் அடுத்தவர் மீது கை நீட்டித் தப்பித்துக்கொள்ளும் வசதி ஆட்சியாளர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

அரசமைப்புச் சட்டத்தின் 239 ஏஏ பிரிவின்படி காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் மத்திய அரசின் வசம். மற்றவை தில்லி அரசின் பொறுப்பு. குப்பையும் தெருவும் மாநகராட்சிக்கு. நிலமோ மத்திய அரசின்கீழ் இயங்கும் தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு. இந்த அதிகாரப் பங்கீட்டின் நடுவே, தெருவில் தேங்கிய நீர் யாருடையது என்று கேட்டால் மூன்று அலுவலகங்கள் மூன்று பதில் சொல்லும். துணைநிலை ஆளுநரைத் தில்லி அரசும், தில்லி அரசை மத்திய அரசும் குறை கூறியே பத்தாண்டுகள் கழிந்தன.

2025 பிப்ரவரி தேர்தலில் 70 இடங்களில் 48-ஐப் பாரதிய ஜனதா கட்சி வென்றது. 27 ஆண்டு இடைவெளிக்குப் பின் அக்கட்சியின் முதல்வராக ரேகா குப்தா பொறுப்பேற்றார். ஏப்ரலில் மேயர் பதவியும் அக்கட்சிக்கே கிடைத்தது. மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி என மூன்றும் ஒரே கையில். இனி சாக்குச் சொல்ல இடமில்லை.

வரவுப் பக்கம் வெறுமையாக இல்லை. ஜனவரியில் நமோ பாரத் ரயில் தில்லி எல்லைக்குள் நியூ அசோக் நகர் வரை வந்தது. ஏப்ரலில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் தில்லி இணைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை 1 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. அதில் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு மட்டும் 9,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டின் கடைசி வாரத்தில் 5 ரூபாய்க்கு உணவு தரும் அடல் உணவகங்கள் திறக்கப்பட்டன. சென்னை 2013-லேயே கண்ட ஏற்பாடுதான் என்றாலும், கூலித் தொழிலாளியின் வயிறு நிறையுமானால் அதைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

செலவுப் பக்கம்தான் கனக்கிறது. பிப்ரவரியில் புதுதில்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் மாண்டனர். நவம்பரில் செங்கோட்டை அருகே நிகழ்ந்த கார் வெடிப்பு பல உயிர்களைப் பறித்தது. இவற்றுக்கு மேல், ஆண்டு தவறாமல் வரும் நச்சுப்புகை. பஞ்சாபில் வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கப்பட்ட நிகழ்வுகள் 2024-ஐவிடப் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஆயினும் டிசம்பரில் தில்லி மூச்சுத் திணறியது. நோயின் பெரும்பகுதி நகரின் வாகனங்களிலும் புழுதியிலும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அக்டோபரில் மேகங்களில் ரசாயனம் தூவி மழை பெய்விக்கச் செய்த முயற்சியும் பலிக்கவில்லை.

நாடாளுமன்றம் என்ன செய்தது? குளிர்காலக் கூட்டத்தொடரில் காற்று மாசு குறித்து மக்களவை விவாதிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அமளிக்கிடையே அந்த விவாதம் நடைபெறாமலேயே டிசம்பர் 19-ஆம் தேதி அவை ஒத்திவைக்கப்பட்டது. அவையை விட்டு வெளியேறிய உறுப்பினர்கள் சுவாசித்ததும் அதே காற்றைத்தான்.

யமுனையின் கதையும் இதுவே. அந்நதியின் மொத்த நீளத்தில் தில்லிக்குள் வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கிலோ மீட்டர் 2 சதவீதம்கூட இல்லை. ஆனால், நதியில் கலக்கும் மாசில் பெரும்பங்கு அங்கேதான் சேர்கிறது. மூன்று ஆண்டுகளில் தூய்மை என்பது தேர்தல் வாக்குறுதி. அதில் முதலாண்டு கழிந்துவிட்டது.

நகரின் முன்னேற்றத்தை மேம்பாலங்களைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடித்து அகற்றப்பட்டது. வெள்ளத்தைத் தடுக்கக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால், சுமார் 370 குடிசைகளில் தொடக்கத்தில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. பிறகு சில சேர்க்கப்பட்டபோதிலும், உரிய ஆவணம் இல்லை என்று பல குடும்பங்கள் விடுபட்டன. கிடைத்த வீடோ நகரின் வடகோடியான நரேலாவில், 30 கிலோ மீட்டருக்கும் அப்பால். அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை பார்த்து வாழ்ந்த பெண், அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி எத்தனை மணிக்கு ஜங்புரா வந்து சேர்வார்? அவருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் தமிழ் படிக்கும்? தூய்மையான கால்வாய் வரவென்றால், இந்தக் குடும்பங்கள் இழந்த பிழைப்பு செலவாகக் கணக்கில் ஏற வேண்டாமா?

வரும் ஆண்டில் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. யமுனையில் விழும் ஒவ்வொரு கால்வாயின் நீர்த்தரத்தையும் மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். பேருந்துகளின் எண்ணிக்கையைப் பனிக்காலம் தொடங்குமுன் உயர்த்தட்டும். எந்தக் குடிசைப் பகுதியை அகற்றுவதானாலும், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில் வீடு கொடுத்த பின்னரே இயந்திரத்தைக் கொண்டுவரட்டும். நிலம் தம்மிடம் இல்லை என்று முந்தைய தில்லி அரசுகள் கூற முடிந்தது. இன்றைய ஆட்சியாளர்கள் அவ்வாறு கூற முடியாது.

அதிகாரம் சிதறிக் கிடந்தபோது தோல்விக்குப் பங்காளிகள் பலர் இருந்தனர். இப்போது அதிகாரம் முழுவதும் ஓரிடத்தில். தோல்வியும் அங்கேதான் எழுதப்படும்.