தீராத வாய் வறட்சி: உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேனை ஏன் கேட்டு வாங்க வேண்டும்?

2011 யு.எஸ். ஓபன் டென்னிஸ் தொடரில், இரண்டாவது சுற்றில் ஆட வேண்டிய வீனஸ் வில்லியம்ஸ் திடீரென விலகினார். தனக்கு ஷோகிரன் நோய் இருப்பது தெரியவந்திருப்பதாக அவர் அறிவித்தபோதுதான் பலரும் அந்தப் பெயரையே முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். சோர்வு உள்ளிட்ட அறிகுறிகள் பல ஆண்டுகளாகவே இருந்ததாகவும் அவர் சொன்னார். உலகின் முன்னணி வீராங்கனைக்கே இவ்வளவு தாமதம் என்றால், “கண்ணு உறுத்துது, வாய் காஞ்சு போகுது” என்று கிளினிக்குக்குப் போகும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு?

“தண்ணி நிறைய குடிங்க”, “லேப்டாப் பாக்குறத குறைங்க”, “ஸ்ட்ரெஸ்தான், வேற ஒண்ணுமில்ல” என்ற பதில்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஏசி அறை, சர்க்கரை நோய், அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை என வாய் வறட்சிக்குக் காரணங்கள் நிறைய. இவை எதுவும் பொருந்தாமல், மூன்று மாதங்களுக்கும் மேலாக வறட்சி நீடிப்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

ஷோகிரன் என்பது என்ன நோய்?

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், சொந்த உடலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் ஆட்டோஇம்யூன் நோய். ஷோகிரன் நோயில் இந்தத் தாக்குதல் முக்கியமாகக் கண்ணீர்ச் சுரப்பிகள் மீதும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மீதும் நடக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன், 1933-ல் 19 பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில் இதை விரிவாக விவரித்தார். இந்த நோய் வரும் 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள்.

வறட்சியோடு முடிந்துவிடும் விஷயமில்லை இது. உமிழ்நீர் குறைந்தால் பற்கள் வேகமாகச் சொத்தையாகும். மூட்டுவலியும் கடும் சோர்வும் வரலாம். நுரையீரல், சிறுநீரகம், நரம்புகள் வரை பாதிப்பு போகலாம். நோயாளிகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. அது பல நேரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தொடங்கும்.

இளம் பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயில் ரத்தத்தில் காணப்படும் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி, கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 1 அல்லது 2-ல், குழந்தையின் இதயத் துடிப்பை நடத்தும் மின் பாதை பாதிக்கப்படுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் கண்காணிக்கலாம், மாத்திரையைத் திட்டமிடலாம்.

இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2016-ல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தன. ஆய்வுகளுக்காக உருவாக்கப்பட்டாலும், டாக்டர்கள் நடைமுறையிலும் இதைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் 3 மதிப்பெண். உதட்டின் உள்பக்கத்திலிருந்து சிறு சுரப்பிகளை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சியில் நோய் தெரிந்தால் 3. கண் வறட்சிக்கான இரண்டு பரிசோதனைகளுக்குத் தலா 1. உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்கும் குறைவாகச் சுரந்தால் 1. மொத்தம் 4 வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். கண், உமிழ்நீர்ப் பரிசோதனைகள் மூன்றிலும் வறட்சி நிரூபணமானாலும் 3-தான். ஆக, ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு உதட்டு பயாப்சியைத் தவிர வேறு வழியில்லை. சிறிய சிகிச்சைதான் என்றாலும், சிலருக்கு உதட்டில் மரத்துப்போன உணர்வு தங்கிவிடும். “உதட்டை வெட்டணுமா, வேண்டவே வேண்டாம்” என்று பலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பட்டியலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இல்லவே இல்லை.

ஸ்கேனில் என்ன தெரியும்?

காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பிகள் இரண்டு, தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள் இரண்டு. மொத்தம் நான்கையும் பார்த்தால் போதும். படுக்கவைத்து, கழுத்தில் ஜெல் தடவி, தைராய்டு பார்க்கும் அதே கருவியால் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை.

ஆரோக்கியமான சுரப்பி, அரைத்துவைத்த மாவு போல ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். ஷோகிரன் நோய் தாக்கிய சுரப்பியில், தோசையில் விழும் ஓட்டைகள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கும். ஓமெராக்ட் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2019-ல் இதற்கு 0 முதல் 3 வரை கிரேடு வகுத்தது. 0 என்றால் நார்மல். 1 என்றால் லேசான சீரின்மை. இடையிடையே நல்ல திசு இருக்க, கறுப்புப் பகுதிகள் தெரிந்தால் 2. சுரப்பி முழுக்கப் பரவியிருந்தாலோ, சுரப்பியே நார்த் திசுவாக மாறியிருந்தாலோ 3. கிரேடு 2-ம் அதற்கு மேலும்தான் ஷோகிரன் சந்தேகத்தை வலுவாக்கும்.

2016 பட்டியலில் ஸ்கேனையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டியலின் துல்லியம் பெரிதாகக் குறையாமலேயே கூடுதல் நோயாளிகளைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அப்படியென்றால் பயாப்சியே தேவையில்லையா?

அவசரப்பட வேண்டாம். நோயின் ஆரம்பத்தில் ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம். சார்காய்டோசிஸ், எச்ஐவி, கழுத்தில் எடுத்த கதிர்வீச்சு சிகிச்சை போன்றவையும் சுரப்பியின் தோற்றத்தை மாற்றும். பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து கிரேடும் மாறலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும். ஆனால், யாருக்கு பயாப்சி உண்மையிலேயே தேவை என்று வடிகட்டவும், சுரப்பியில் புதிதாக ஏதாவது கட்டி வளர்கிறதா என்று கண்காணிக்கவும் இதைவிட எளிதான வழி இப்போதைக்கு இல்லை.

நம் ஊரில் எங்கே தடை?

ஐரோப்பாவில் பல வாத நோய் நிபுணர்கள் தங்கள் அறையிலேயே ஸ்கேன் பார்த்துவிடுகிறார்கள். இந்தியாவில், கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் மெஷின் வைத்திருக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மூட்டும் சுரப்பியும் மட்டுமே பார்ப்பவருக்கும் இது பொருந்தும். பெண் சிசுக்களைக் காக்க வந்த இந்தச் சட்டம் தேவையானது. அதைத் தளர்த்தக் கேட்பது நியாயமும் இல்லை. பெரும்பாலான நோயாளிகள் ஸ்கேன் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமாகிறது.

“கழுத்து ஸ்கேன்” என்று மட்டும் எழுதினால், தைராய்டும் நெறிக்கட்டியும் பார்த்து “நார்மல்” என்று ரிப்போர்ட் வரக்கூடும். சுரப்பிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. நோயாளியும் “ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாம்” என்று நிம்மதியாகிவிடுவார்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. மெஷின் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கிறது. நான்கு சுரப்பிகளுக்கும் தனித்தனி கிரேடு எழுதும் ரிப்போர்ட் முறையை ரேடியாலஜி படிப்பிலும் பயிற்சியிலும் சேர்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலை அடுத்து திருத்தும்போது ஸ்கேனுக்கும் இடம் தர வேண்டும். சொத்தைப் பல்லோடு வருபவரிடம் பல் டாக்டரும், கண் உறுத்தலோடு வருபவரிடம் கண் டாக்டரும் “வாயும் கண்ணும் சேர்ந்தே வறளுதா?” என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

உங்களுக்கோ வீட்டில் அம்மாவுக்கோ மூன்று மாதங்களுக்கு மேல் கண்ணும் வாயும் வறண்டிருந்தால், தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்கவில்லை என்றால், காதோரம் அடிக்கடி வீங்கினால், வாத நோய் நிபுணரைப் பாருங்கள். ஸ்கேன் எழுதிக்கொடுத்தால், சீட்டில் “உமிழ்நீர்ச் சுரப்பிகள், இரண்டு பக்கமும், கிரேடுடன்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.