ஓட்டைப் பார்த்து இனம் பிரித்த கதை

ஜெர்மனி தேசத்தில் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு அடியில் ஓடும் நீரிலே ஒரு வகை நத்தை வாழ்கிறது. உயரம் சில மில்லிமீட்டரே. கண்ணும் கிடையாது, நிறமும் கிடையாது. இவ்வகைக்குப் பித்தியோஸ்பியம் என்று 1882-ல் பெயரிட்டவர் பூர்கிஞா என்னும் பிரெஞ்சுப் பண்டிதர். சொற்ப வித்தியாசத்தையும் தனி இனமாக எண்ணிவிடுவதில் பேர் போனவர் அவர்.

உயிருள்ள நத்தை பூமிக்கடியில் இருப்பதால் எளிதில் அகப்படுவதில்லை. ஊற்றுவாயில் மணலோடு வந்து ஒதுங்கும் வெற்று ஓடுகளே பெரும்பாலும் கிடைத்தவை. ஆகவே ஓடு சற்று நீண்டிருந்தால் ஓரினம், பருத்திருந்தால் வேறினம், வாய் விரிந்திருந்தால் இன்னோரினம் என்பதாகப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள்.

பிறகு நடந்ததென்ன? நத்தைகளின் உடலிலுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளையே ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. வேறு வேறென்று எழுதி வைத்திருந்த பல இனங்கள் ஒன்றேயென்று அதில் ருசுவாயிற்று. இனங்களின் எண்ணிக்கை வெகுவாய்க் குறைந்துவிட்டது. ஒரே இனத்துக்குள் ஓடு மாறுபடுவதும் உண்டு. ஓடு ஒன்றுபோலிருந்தும் இனம் வேறாயிருப்பதும் நத்தைகளில் உண்டு.

"பார்த்தீர்களா, விஞ்ஞானமே தவறிவிட்டது!" என்று வைதிகர்கள் கைகொட்டக்கூடும். அத்தவறைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? ரிஷியா, அசரீரியா? மற்றொரு விஞ்ஞானிதானே! முன்னோர் இட்ட பெயராயிற்றே என்று யாராவது அழுதார்களா? திருத்தியவனை நாஸ்திகன் என்று வைதார்களா? கிடைத்ததைக் கொண்டு உத்தேசம் சொல்லுவது குற்றமல்ல. அந்த உத்தேசத்தை வேதவாக்காக்கி, கேள்வி கேட்பவனின் வாயை அடைப்பதே குற்றமாகும்.

தோழர்களே! கண்ணில்லாத அற்ப நத்தையை இன்ன இனமென்று சொல்லவே இத்தனை அத்தாட்சி வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதனைப் பிரித்தவர்கள் என்ன அத்தாட்சி காட்டினார்கள்? நத்தைகளிலாவது ஓட்டில் ஏதோ வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கு அதுவும் கிடையாது. மனிதர் யாவரும் ஒரே இனமென்று விஞ்ஞானம் தெளிவாய்ச் சொல்லியும், சாஸ்திரக்காரர்கள் ஒரு வரியையாவது அடித்தார்களா?

நத்தைக்குக் கிடைத்த நியாயம் மனிதனுக்கு எப்போது என்றுதான் நாம் கேட்கிறோம். அவர்கள் அடிக்கமாட்டார்களானால், அந்த வரியை அடிக்க வேண்டியவர்கள் நாமே.