நம் பேரில் விழுந்த ஓட்டு



எம்.பி. தேர்தல் வந்துவிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எடைபோடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பாலம் கொண்டுவந்தாரா? ரயிலுக்குக் கேட்டாரா? ஜெயித்த பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டினாரா? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாரா, துட்டிக்கு வந்தாரா? வடசேரி சந்தையில் கேட்டாலும் குளச்சல் கடற்கரையில் கேட்டாலும் இதே கேள்விகள்தான் வரும்.

இவையெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் எம்.பி.யை நாம் டெல்லிக்கு அனுப்புவது முதலில் எதற்காக? சட்டம் செய்ய. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை. எந்த மசோதாவுக்கு 'சரி' என்றார், எதற்கு 'வேண்டாம்' என்றார்?

இந்த மாதம் இதைப் பேச, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் அரசியல் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். பொன். ராதாகிருஷ்ணன். நம் ஊர்ப் பேச்சில் பொன்னார். அவரை விரும்புகிறவர்களும் விரும்பாதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அவருக்கு ஓட்டுக் கேட்பதோ அவரைக் குறைசொல்வதோ என் நோக்கமில்லை.

நாகர்கோவில் நெடுங்காலம் காங்கிரஸின் கோட்டை. எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி மறைந்த பிறகு, 1969 இடைத்தேர்தலில் காமராஜரையே எம்.பி.யாக்கிய தொகுதி. இங்கே சங்கப் பரிவார அரசியலை வளர்த்து, ஜெயிக்கவும் முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பொன்னார். 1996இல் பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் ஜெயித்து, தமிழகச் சட்டமன்றத்துக்குப் போன முதல் பா.ஜ.க. உறுப்பினரானார். மூன்று ஆண்டுகள் கழித்து நாகர்கோவில் எம்.பி. ஆனார் பொன்னார்.

அந்த 1999 தேர்தல் ஏன் வந்தது என்பது நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மக்களவையில் 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஒரு எம்.பி. மாற்றிப் போட்டிருந்தால் அந்தத் தேர்தலே வந்திருக்காது. அவையில் விழும் ஒற்றை ஓட்டுக்கு அவ்வளவு கனம் உண்டு.

பொன்னார் வாஜ்பாய் அரசில் இணை அமைச்சரானார். 2004இல் தோற்றார், 2009இல் தோற்றார். மாநில பா.ஜ.க. தலைவராக இருந்தபடியே 2014இல் சுமார் 1.28 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாடு முழுக்க அ.தி.மு.க. 37 இடங்களை அள்ளிய அந்தத் தேர்தலில், தப்பித்தவை இரண்டே தொகுதிகள். அதில் ஒன்று நம்முடையது. மோடி அரசில் சாலைப் போக்குவரத்து, கப்பல், பிறகு நிதி என்று முக்கியத் துறைகளில் இணை அமைச்சராக இருந்தார். 2019, 2021, 2024 மூன்று முறையும் தோல்வி.

இந்த ஏற்ற இறக்கத்தில் ஒன்று மட்டும் மாறவில்லை. தன் கொள்கை இன்னது என்பதை அவர் எந்தத் தேர்தலிலும் மறைத்ததில்லை. தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தபோதும் தனியாக நின்று தோற்றபோதும் அவர் யார் என்று ஓட்டருக்குத் தெரியும். வேண்டும் என்பவர்கள் தெரிந்தே போட்டார்கள், வேண்டாம் என்பவர்களும் தெரிந்தே மறுத்தார்கள். ஜனநாயகத்தில் அரசியல்வாதி ஓட்டருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இனயம் துறைமுகத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. வேலைவாய்ப்பு வரும், மாவட்டம் முன்னேறும் என்று பொன்னார் வெளிப்படையாகவே அதற்காகப் பேசினார். வீடும் தொழிலும் போய்விடும் என்று கடற்கரை கிராமங்கள் கொதித்தன. அடுத்த தேர்தலில் அவர் சுமார் 2.6 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எம்.பி. எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்திருந்ததால், மக்களும் தங்கள் பதிலைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது.

துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் விஷயம். சட்டம் அப்படியா?

மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆதரிப்பவர்கள் ஆம் என்க, எதிர்ப்பவர்கள் இல்லை என்க' என்று சபாநாயகர் கேட்பார். எந்தக் குரல் ஓங்குகிறதோ அதுவே முடிவு. யார் என்ன சொன்னார் என்ற பெயர்ப்பட்டியல் இருக்காது. யாராவது 'டிவிஷன்' கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் உறுப்பினர்கள் பட்டனை அழுத்துவார்கள், ஒவ்வொருவர் பெயரும் பதிவாகும். அரசியல் சாசனத் திருத்தம் என்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். அதனால்தான் 2019 ஜனவரியில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் மசோதா 323க்கு 3 என்று நிறைவேறியது நமக்குத் தெரிகிறது.

மற்றவை? 2023 ஆகஸ்டில், கடலுக்கடியில் உள்ள கனிமங்களை ஏலம்விட வழிசெய்யும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மணிப்பூர் பிரச்சினைக்காக எதிர்க்கட்சிகள் முழங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தக் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதா கடந்துபோனது. மறு ஆண்டு நவம்பரில் வந்த முதல் சுற்று ஏல அறிவிப்பில் கேரளக் கடலும் இருந்தது. தூத்தூரிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கேரளக் கடல் அந்நியக் கடலா? அவர்கள் வீட்டு அடுப்பைத் தொடும் சட்டம் இது. ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட ஒரு பட்டியல் இல்லை.

'பட்டியல் இருந்தாலும் என்ன பயன், கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படிதானே போடப்போகிறார்' என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அமைச்சராக இருப்பவருக்கு அந்தச் சட்டமே தேவையில்லை. அரசின் முடிவு எல்லா அமைச்சர்களுக்கும் பொதுப் பொறுப்பு. பொன்னார் அமைச்சராக இருந்த காலம் முழுவதும் அரசின் மசோதா எதுவோ, அதுவே அவருடைய நிலைப்பாடு. அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.

கட்சி சொன்னபடி போட்ட ஓட்டுக்கும் விளைவு உண்டு. 2002 மார்ச்சில் பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியது. ஆதரித்த கூட்டணியில் ம.தி.மு.க.வும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தில் அக்கட்சியின் பொதுச் செயலாளர் வைகோ கைதானார், ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் ஆதரித்தார்கள். அந்த 12 ஓட்டும் மறுபக்கம் விழுந்திருந்தால் 113க்கு 117 என்று மசோதா தோற்றிருக்கும். அந்தச் சட்டத்தின் பயனாளிப் பட்டியலில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இல்லை. நம் பழவிளை அகதிகள் முகாமிலும் பெருமாள்புரம் முகாமிலும் ஆண்டுக்கணக்காக வாழும் குடும்பங்களுக்கு அது என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டுமா? ஓட்டு எண்ணப்பட்டதால்தான் இதையாவது நாம் இன்று பேச முடிகிறது.

அமெரிக்காவில் செனட்டர்களின் ஓட்டு ஒவ்வொன்றும் முக்கியமான மசோதாக்களில் பெயரோடு பதிவாகிறது. தேர்தல் வந்தால் எதிராளி முதலில் கையில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். அங்கே செனட்டராக இருந்த ஜான் மெக்கெயின் தன் வாழ்நாள் முழுவதும் பழமைவாதக் கட்சிக்காரர். 2017 ஜூலையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைத் தளர்த்த அவருடைய கட்சி கொண்டுவந்த மசோதாவுக்கு எதிராகக் கட்டை விரலைக் கீழே காட்டினார். 49க்கு 51 என்று மசோதா விழுந்தது. அவர் பதவி போகவில்லை. ஆதரித்தவர்களும் திட்டியவர்களும் அவர் செய்ததைப் பார்த்துப் பேசினார்கள்.

இங்கேயும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. அரசு நீடிப்பதைத் தீர்மானிக்கும் ஓட்டு, பட்ஜெட் போன்றவற்றுக்கு மட்டும் கொறடா உத்தரவு போதும், மற்றவற்றில் உறுப்பினர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடட்டும் என்று காங்கிரஸின் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகும்வரை நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன்.

மளிகைக் கடையில் மாதம் முடிந்தால் பற்று நோட்டை வாங்கிப் பார்க்கிறோம். கடைக்காரர் மேல் சந்தேகம் இருப்பதால் அல்ல, கணக்கு நம்முடையது என்பதால். எம்.பி.யிடமும் அதே உரிமையோடு கேட்கலாம்.

நான் கேட்கச் சொல்வது மூன்றே மூன்று. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும், எந்தெந்த மசோதாவில் எந்தப் பக்கம் நின்றார் என்று எம்.பி. தொகுதிக்கு எழுத்தில் சொல்லட்டும். கட்சிக்காக ஓட்டுப் போட்டிருந்தால் 'கட்சிக்காகப் போட்டேன்' என்றே சொல்லட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மீனவர், ரப்பர் விவசாயி, முந்திரி ஆலைத் தொழிலாளி என்று நம் மாவட்டத்தைத் தொடும் மசோதா வந்தால், எழுந்து டிவிஷன் கேட்கட்டும்.

இது பொன்னாருக்கு மட்டுமான கேள்வி இல்லை. இப்போதைய எம்.பி. விஜய் வசந்துக்கும் இதுதான், நாளை யார் வந்தாலும் இதுதான். நமக்குப் பிடித்தவர் என்றால் சலுகை, பிடிக்காதவர் என்றால் மட்டும் கணக்கு என்று இருந்தால் அந்தக் கேள்விக்கு மதிப்பே இருக்காது.

பாலத்தைப் பாருங்கள், நிச்சயம் பாருங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் போகும்போதும் பார்வதிபுரம் மேம்பாலத்தில் போகும்போதும் நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் பாலம் ஓர் ஊரைக் கடக்க உதவும். சட்டம் ஒரு தலைமுறையின் படிப்பையும் தொழிலையும் முடிவுசெய்யும். அடுத்த முறை எம்.பி. உங்கள் தெருவுக்கு வரும்போது, சால்வை போட்டு முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி இதைக் கேளுங்கள்: 'எங்களுக்காக எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் சார்?' அவர் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காமல், உள்ளது உள்ளபடி இந்தப் பக்கங்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்