மேப்புக்கு வெளியே நிற்கச் சொல்கிறார்

வார் தண்டர் விளையாட்டில் ஹோவிட்சர் வண்டி எடுக்கிறவன் ஒன்று கோழை, இல்லையென்றால் குறிபார்க்கத் தெரியாதவன், இரண்டும் இல்லையென்றால் வரலாறு தெரியாதவன் என்று நண்பர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். எம்109ஏ1 ஹோவிட்சர் ஓட்டுகிறவன் என்பதால் மூன்று பட்டமும் எனக்கும் உண்டு. வாங்கிக்கொள்வதில் சங்கடமில்லை. அவற்றைக் கொடுக்க அவர் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது காலூன்றி நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். நிற்கவில்லை.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். அவர் அதிகம் மார்தட்டுவது அங்கேதான். ஹோவிட்சர் என்பது போர்முனைக்குப் பல கிலோமீட்டர் பின்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத இலக்கின் மேல் வளைத்துச் சுடும் ஆயுதம். அதைக் கொண்டுவந்து டாங்கிக்கு எதிரே நிறுத்துவது கேலிக்கூத்து என்கிறார். பயிற்சிக் கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். நண்பர் கையேட்டோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

1944 அக்டோபரில் அமெரிக்காவின் முதலாம் காலாட்படை டிவிஷன் ஆஹன் நகருக்குள் வீடு வீடாகச் சண்டை போட்டது. டாங்கிக் குண்டுக்கு அசையாத கெட்டிச் சுவர்களை உடைக்க, 155 மிமீ தானியங்கிப் பீரங்கியைத் தெருவுக்கே ஓட்டிவந்து கட்டடங்களை நேராகப் பார்த்துச் சுட்டார்கள். நகரைக் காத்து நின்ற கர்னல் கெர்ஹார்ட் வில்க் அக்டோபர் 21 அன்று சரணடைந்தார். அந்த 155-ஐ இப்படி நேரடியாகச் சுட்டதைப் பற்றி அவர் கசந்து பேசியது பதிவாகியிருக்கிறது. தோற்ற தளபதியின் அங்கலாய்ப்பும் நம் நண்பரின் அங்கலாய்ப்பும் ஒரே சுருதியில் இருப்பது தற்செயல்தான். ஆனால் வில்க் தரப்பில் நிஜமாகவே ஆட்கள் செத்தார்கள். அவருக்குக் கசப்புக் காட்ட உரிமை இருந்தது.

அது ஹோவிட்சர் இல்லை, நீளக்குழல் கன் என்று நண்பர் எகிறக்கூடும். சரி, சோவியத் பக்கம் வாருங்கள். 1943-இல் கூர்ஸ்க் போரில் இறங்கிய எஸ்யு-152 சுமந்தது எம்எல்-20 ரகப் பீரங்கி. ரஷ்யர்களே அதை ஹோவிட்சர்-கன் என்றுதான் வகைப்படுத்தினார்கள். ஒரு ஷெல் கிட்டத்தட்ட 44 கிலோ. டைகரையும் பாந்தரையும் எதிர்கொண்ட வண்டி என்பதால் மிருகங்களைக் கொல்பவன் என்ற பட்டப்பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்களும் சளைத்தவர்கள் இல்லை. ப்ரும்பேர் வண்டியில் 150 மிமீ ஹோவிட்சரை 100 மிமீ முகக்கவசத்துக்குப் பின்னால் பொருத்தினார்கள். பத்து கிலோமீட்டர் பின்னால் நின்று சுடப்போகிற வண்டிக்கு யாராவது முகத்தில் 100 மிமீ எஃகு வைப்பார்களா?

இவையெல்லாம் அவருக்குத் தெரியாதவை அல்ல என்பதுதான் வேடிக்கை. அதே கட்டுரையில் கேவி-2 என்ற சோவியத் டாங்கியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க உருகியிருக்கிறார். கம்பீரமாம், ஆண்மையாம், ஒரே அடியில் ஆட்டம் க்ளோஸாம். கேவி-2-இன் அந்த உயரமான டரட்டுக்குள் இருப்பது என்ன? எம்-10 ரக 152 மிமீ ஹோவிட்சர். பின்லாந்தின் மேனர்ஹெய்ம் அரணில் இருந்த பதுங்குகுழிகளை நேராக அடித்து நொறுக்க வேண்டும் என்பதற்காகவே 1940-இல் அவசர அவசரமாகச் செய்த வண்டி அது. கிட்டத்தட்ட அதே விட்டம், அதே வெடி, எதிராளிக்கு அதே சாவு. கேவி-2 அடித்தால் கம்பீரம், எம்109 அடித்தால் கோழைத்தனம்! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்ற பழைய வழக்கை இத்தனை சுத்தமாகப் பின்பற்றிய ஒருவரை அண்மையில் நான் படித்ததில்லை.

அடுத்து, திறமை. எங்கே பட்டாலும் செத்துவிடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் போதும் என்கிறார். ரியலிஸ்டிக் மோடில் ஒரே ஒரு மேட்ச் ஹோவிட்சரை எடுத்து ஆடியிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார். எம்109ஏ1 சுடும் 43 கிலோ ஷெல், உச்ச சார்ஜில் நொடிக்கு 684 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அவருக்குப் பிடித்த 105 மிமீ எல்7 பீரங்கியின் ஏபிடிஎஸ் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர். 800 மீட்டர் தொலைவில், மணிக்கு 40 கிலோமீட்டரில் குறுக்கே ஓடும் டாங்கியை எடுத்துக்கொள்வோம். எல்7 குண்டு போய்ச் சேர அரை நொடிக்குச் சற்றே அதிகம் ஆகும். அதற்குள் டாங்கி 6 மீட்டர் நகர்ந்திருக்கும். முன்முனையைக் குறிவைத்திருந்தால் வால்பக்கத்திலாவது படும். என் ஷெல் போய்ச் சேர ஒன்றேகால் நொடி. டாங்கி 13, 14 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், ஷெல்லோ 7 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். அதாவது டாங்கிக்கு முன்னால் இரண்டு டாங்கி நீளம் காலியாக விட்டு, இரண்டு மாடி உயரத்தில் வெறும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையா இது? வழியில் ஒரு வேலி குறுக்கிட்டாலும் போச்சு, ஷெல் அங்கேயே வெடித்துவிடும்.

சரி, பட்டுவிட்டது என்றே வைப்போம். எங்கே பட்டாலும் சாவா? டி-54 டாங்கியின் டரட் முகம் 200 மிமீ தடிமன். அதன் நட்டநடுவில் என் ஷெல்லைக் கொண்டுபோய் வைத்தால் புகை வரும், சத்தம் வரும், கூடவே அவனுடைய பதில் குண்டும் வரும். குறி வைக்க வேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது. டரட்டின் வளைவு உள்ளே மடங்கி ஹல்லின் கூரையைத் தொடும் அந்த இடுக்கு. கூரை வெறும் 30 மிமீதான். ஷெல் அந்த மடிப்பில் வெடித்தால், உள்ளே இருக்கும் ஏறக்குறைய 7 கிலோ வெடிமருந்தின் விசை கீழ்நோக்கித் திரும்பிக் கூரையைப் பிளக்கும், ஓவர்பிரஷரில் மொத்தக் குழுவும் காலி. அரை மீட்டர் மேலே போனால் வீண், கீழே போனால் சரிவான முன்தகட்டில் வீண். செத்தவன் திரையில் தெரிவது ஒரே வெடிப்பு என்பதால், சுட்டவனுக்கும் அது ஒரே பொத்தான் என்று நண்பர் நினைத்துக்கொள்கிறார்.

கோழைத்தனத்துக்கு வருகிறேன். எம்109-இன் உடல் அலுமினியம். மிகத் தடித்த இடத்திலேயே 32 மிமீதான். பக்கத்தில் வந்துவிட்ட ஒரு லைட் டாங்கி தன் மெயின் கன்னைத் திருப்பக்கூட வேண்டாம், மேலே இருக்கும் 12.7 மிமீ மெஷின் கன்னாலேயே உள்ளே இருக்கிறவர்களைச் சாய்த்துவிடலாம். ஒரு ஷெல் தவறினால் அடுத்தது ஏறுவதற்குள் எதிரே நிற்கும் லியோபார்ட் இரண்டு மூன்று தடவை சுட்டுவிடும். இந்தத் தகர டப்பாவில் ஏறி, 'அட்வான்ஸ் டு த ரைன்' மேப்பின் குறுகலான தெருமுனையில், எஞ்சின் சத்தத்தை மட்டும் வைத்து எதிரி வரும் திசையை ஊகித்துக்கொண்டு, கையில் ஒரே ஒரு ஷெல்லோடு நிற்கிறவன் கோழை. 200 மிமீ எஃகுக்குப் பின்னால் குன்றின் மேல் ஹல்-டவுனில் உட்கார்ந்து, டரட் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் சுடுகிறவர் வீரர். நல்ல அகராதி.

கண்ணில் படாமல் கொல்வதுதான் அவருக்கு உறுத்தல் என்றால், ஒரு கேள்வி. வார் தண்டரில் பெரும்பாலான லைட், மீடியம் டாங்கிகளுக்கு மேப்பைத் திறந்து ஓரிடத்தில் சொடுக்கினால் ஆர்ட்டிலரி மழை பொழியும் வசதி இருக்கிறது. எதிரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு குண்டுகூடத் தன் வண்டியிலிருந்து செலவில்லை. அதை அவர் தொடுவதே இல்லையா? சந்தேகம்தான். இன்னும் ஒன்று: ஹோவிட்சர்காரர்கள் வானத்திலிருந்து பார்த்து அடிக்கிறார்கள் என்று அவர் புலம்புவது இந்த விளையாட்டில் இல்லவே இல்லை. அது வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸின் கதை. அங்கே ஆர்ட்டிக்காரர்களுக்கு மேலிருந்து பார்க்கும் காட்சி உண்டு, அடிவாங்கியவர்களின் ஆத்திரத்திலும் நியாயம் உண்டு. 2017 ஏப்ரலில் வந்த 9.18 அப்டேட்டில் அவர்களே ஒரு டீமுக்கு மூன்று ஆர்ட்டி என்று வரம்பு கட்டி, ஏபி, ஹீட் குண்டுகளை அந்த வண்டிகளிடமிருந்து பிடுங்கினார்கள். அந்த வீட்டில் வாங்கிய அடிக்கு இந்த வீட்டில் வந்து பஞ்சாயத்து கூட்டினால் என்ன செய்வது?

ஹோவிட்சர்காரன் டீமுக்குப் பாரம் என்ற அவருடைய இன்னொரு குற்றச்சாட்டை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம். ஹோவிட்சரிடம் ஒரே அடியில் செத்த எரிச்சலில் அப்போதே மேட்சை விட்டு வெளியேறிவிடுவேன் என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். மிச்சமிருக்கும் நேரம் முழுக்க ஒரு ஆள் குறைந்த டீமோடு போராடுகிறவர்களைக் கேட்டால் யார் பாரம் என்று சொல்வார்கள்.

இனி அவருடைய தீர்வு. எதிரியிடமிருந்து 2 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் ஹோவிட்சர் சுட முடியாதபடி தடை வேண்டுமாம். நிஜத்தில் அது நிற்கவேண்டிய இடத்தில் நின்றதுபோல் ஆகுமாம். எம்109ஏ1-இன் நிஜ எட்டம் சுமார் 18 கிலோமீட்டர். வார் தண்டரின் பெரும்பாலான தரைப்போர் மேப்புகளில் சண்டை நடக்கும் இடமோ ஓரிரண்டு கிலோமீட்டர்தான். டாங்கிகள் புறப்படும் இடத்திலேயே நின்றாலும் அவருடைய தடைக்குள் மாட்டிக்கொள்வோம். பின்வாங்கிக்கொண்டே போனால் மேப்பின் எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சிவப்பு எச்சரிக்கை வரும். நிற்கவும் கூடாது, சுடவும் கூடாது, ஆனால் வண்டியை மட்டும் ஆராய்ச்சிப் புள்ளி சேர்த்துத் திறந்து வைத்துக்கொள்ளலாம். நீக்கிவிடுங்கள் என்று நேராகச் சொல்லியிருந்தால் துணிச்சலாவது மிஞ்சியிருக்கும். அந்த 2 கிலோமீட்டர் சட்டம் கேவி-2-க்கும் சேர்த்துத்தானா என்பதை அடுத்த கட்டுரையில் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.